அப்லோடைத் திறந்துவிடுங்கள்: இணையச் சேவை நிறுவனங்களின் வலையமைப்புப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கட்டற்ற இயங்குதளம் ஒன்றின் புதிய பதிப்பு வெளியாகும்போதெல்லாம் அதை நிறுவ உதவும் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கிக்கொண்டு, அடுத்த சில வாரங்களுக்குக் கணினியை அணைக்காமல் டோரண்டில் (பயனர்களே ஒரு கோப்பைத் துண்டு துண்டாகப் பகிர்ந்துகொள்ளும் முறை) சீட் செய்வது, அதாவது மற்றவர்கள் எடுத்துக்கொள்ளத் தொடர்ந்து கொடுப்பது, என் வழக்கம். பல வருடங்களாகச் செய்கிறேன். யாரும் கேட்டுச் செய்வதில்லை. அந்த மென்பொருள் எனக்கு இலவசமாகக் கிடைத்தது. என் இணைப்பில் வெளியே அனுப்பக் கிடைக்கும் வேகத்தில், அதாவது அப்லோடில், கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

கடந்த முறை வெளியீட்டு நாளன்று சீட் செய்ய ஆரம்பித்த இரண்டாவது நிமிடத்தில் என் அப்லோடு படுத்துவிட்டது. அதே நேரத்தில் வேறொரு சர்வருக்குச் சாதாரணமாக ஒரு கோப்பை ஏற்றிப் பார்த்தேன், முழு வேகத்தில் போனது. டோரண்டை ஒரு விபிஎன் (உள்ளே போவது என்னவென்று தெரியாமல் மறைக்கும் ஏற்பாடு) வழியாக விட்டதும் அதுவும் முழு வேகத்துக்கு வந்தது. ஆக, கம்பியில் கோளாறு இல்லை, ரூட்டரிலும் இல்லை. டோரண்ட் என்று அடையாளம் கண்டு யாரோ அதன் வேகத்தை நெரிக்கிறார்கள். வாடிக்கையாளர் சேவையை அழைத்தேன். ரூட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்த முடிவை எடுத்தவர்கள் அவர்கள் இல்லை. முடிவெடுக்கும் இடத்தில் இருப்பது நீங்கள். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு வருகிறது. எந்த ஒரு நிறுவனத்தையும் சுட்டிச் சொல்லவில்லை. இந்த வழக்கம் இருக்கும் எல்லா இடங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. உங்களுக்கு இது பழைய பாடம்தான். ஆனாலும் எண்களை வைத்துப் பேசினால்தான் நான் சொல்ல வருவது தெளிவாகும்.

4 ஜிகாபைட் அளவுள்ள ஒரு கோப்பு, அதாவது (ஒரு பைட்டுக்கு 8 பிட்) 32 ஜிகாபிட். அதை 1,000 பேர் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள். கொடுப்பது ஒரே ஒரு சர்வர், அதன் அப்லோடு வேகம் நொடிக்கு 1 ஜிகாபிட். ஆயிரம் பிரதிகள் வெளியே போக 32,000 நொடிகள் வேண்டும், கிட்டத்தட்ட 8 மணி 53 நிமிடம். வாங்குகிறவர்களின் இணைப்பு எவ்வளவு வேகமாக இருந்தாலும் இதில் ஒரு நிமிடம்கூடக் குறையாது, ஏனென்றால் இறுக்கம் இருப்பது கொடுப்பவரின் பக்கத்தில்.

இப்போது அந்த ஆயிரம் பேரும் தங்களுக்கு வந்த துண்டுகளை நொடிக்கு வெறும் 10 மெகாபிட் வேகத்தில் மற்றவர்களுக்குக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பத்துகள் சேர்ந்து 10 ஜிகாபிட். சர்வருடையதையும் கூட்டினால் 11. அதே 32,000 ஜிகாபிட்டை 11 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 48 நிமிடம். இது எட்டக்கூடிய கீழ் எல்லை, நடைமுறையில் கொஞ்சம் கூடும். ஆனால் உண்மையான வித்தியாசம் கூட்டம் பெருகும்போதுதான் தெரியும். ஆயிரம் பேர் பத்தாயிரம் பேரானால் தனி சர்வருக்கு 3 நாட்கள் 17 மணி நேரம் பிடிக்கும். பகிர்ந்துகொள்ளும் கூட்டத்துக்கோ அந்த 48 நிமிடம் 53 நிமிடமாக மட்டுமே கூடும். கேட்க வருகிற ஒவ்வொருவரும் கொடுக்கும் திறனையும் கையோடு கொண்டுவருகிறார்கள். ஒரு கோப்பை அனுப்ப இதற்கு இணையான இன்னொரு ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கணக்கில் ஒரே ஓர் எண்ணை மாற்றிப் பாருங்கள். ஆளுக்கு 10 மெகாபிட் என்பதை நெரித்து 1 மெகாபிட் ஆக்குங்கள். ஆயிரம் பேருக்கும் கோப்பு போய்ச்சேர 4 மணி 27 நிமிடம் ஆகிறது. அதையே 50 ஆக உயர்த்தினால் பத்தரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. கோப்பு அதே கோப்பு, ஆட்கள் அதே ஆட்கள். நாலரை மணி நேரத்துக்கும் பத்தரை நிமிடத்துக்கும் நடுவில் இருப்பது நீங்கள் எழுதிவைக்கும் அப்லோடு வரம்பு ஒன்றுதான்.

இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்பதைப் பொறியியல் பக்கம் சாராத, ஆனால் உங்கள் கூட்டங்களில் உட்கார்ந்து முடிவெடுக்கும் மேலாளர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஒரு வகுப்பில் நாற்பது பேர், ஆசிரியரின் குறிப்பேடு ஒன்றே ஒன்று. வரிசையில் நின்று ஒவ்வொருவராக முழுக் குறிப்பேட்டையும் எழுதி எடுத்தால் மாதக்கணக்கில் ஆகும். தாள்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, எழுதி முடித்ததும் பக்கத்தில் இருப்பவரோடு மாற்றிக்கொள்ளச் சொன்னால்? நாற்பது பேனாக்களும் ஒரே நேரத்தில் ஓடும். பிராம் கோயன் 2001இல் வெளியிட்ட பிட்டோரண்டின் அடிப்படை இதுதான்.

ஆனால் தாள்களைப் பிரித்தால் மட்டும் போதாது. எல்லோரும் முதல் தாளிலிருந்து வரிசையாக எழுத ஆரம்பித்தால் எல்லோரிடமும் ஒரே தாள்கள்தான் இருக்கும், மாற்றிக்கொள்ள ஒன்றும் இருக்காது. அதனால் வகுப்பிலேயே மிகக் குறைந்த பேரிடம் இருக்கும் தாளை முதலில் எழுதிக்கொள் என்பது விதி. இதன் அழகு இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. அரிய துண்டு சீக்கிரம் பரவிவிடுவதால், அதை வைத்திருந்த ஒரே ஆள் கிளம்பிப் போனாலும் கோப்பு சாகாது. புதிதாக வந்தவருக்கும் எல்லோரும் கேட்கிற ஒரு துண்டு கையில் கிடைத்துவிடுகிறது, அதைக் கொண்டு அவர் கொடுக்கல் வாங்கலில் இறங்கலாம். கோயன் 2003இல் எழுதிய கட்டுரையில் இன்னொரு விதியும் இருக்கிறது. யார் எனக்கு வேகமாகக் கொடுக்கிறார்களோ அவர்களுக்கு நானும் கொடுப்பேன். இதை மென்பொருள் பத்து நொடிக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கும். அதோடு முப்பது நொடிக்கு ஒருமுறை, இதுவரை எதுவும் தராத யாரோ ஒருவருக்கும் வாய்ப்பளித்துப் பார்க்கும். அந்த ஒரு வாய்ப்பு இல்லாவிட்டால் வெறுங்கையோடு வருபவர் உள்ளேயே நுழைய முடியாது. நிரலில் எழுதப்பட்ட விதிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இது.

சரிபார்ப்பையும் சொல்லிவிடுகிறேன். அந்த 4 ஜிகாபைட் கோப்பை 1 மெகாபைட் துண்டுகளாக வெட்டினால் சுமார் 3,800 துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் 20 பைட் நீளக் கைரேகை மாதிரி ஒரு ஹாஷ், மொத்தமே 80 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. யாரென்றே தெரியாத ஒருவரிடமிருந்து வந்த துண்டு சரியானதா என்று அந்தக் கணமே தெரியும். ஒன்று பழுதாக வந்தால் அதை மட்டும் திரும்ப வாங்கினால் போதும். பாதியில் அறுந்துபோன சாதாரணப் பதிவிறக்கத்தை முதலிலிருந்து ஆரம்பித்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை தெரியும். எந்தத் துண்டு யாரிடம் இருக்கிறது என்று தேடுவதும் இப்போது பெரிய சுமை இல்லை. 2000இல் வந்த நியூடெல்லா என்ற கோப்புப் பகிர்வு வலையமைப்பு, கேள்வியைத் தெரிந்த எல்லோரிடமும் கேட்டு, அவர்களும் தெரிந்த எல்லோரிடமும் கேட்டு, வலையமைப்பைக் கேள்விகளாலேயே நிரப்பியது. அந்த நாட்களின் கசப்பு உங்களில் மூத்தவர்களுக்கு இன்னும் இருக்கலாம், நியாயம்தான். ஆனால் 2002இல் வந்த கடெம்லியா முறையில் பத்து லட்சம் கணினிகள் இருந்தாலும் சுமார் இருபது தாவல்களுக்குள் தேடியது கிடைத்துவிடும். பிட்டோரண்ட் 2005 முதல் அதன் ஒரு வடிவத்தைத்தான் பயன்படுத்துகிறது.

இனி உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். உங்கள் குறை எனக்குப் புரியாமல் இல்லை.

பகிர்வதால் மொத்த பிட்டுகள் குறைவதில்லை. ஆயிரம் பேருக்கு ஆயிரம் பிரதிகள் போய்ச்சேர்ந்தே ஆக வேண்டும். சர்வர் வைத்திருப்பவரின் செலவு குறைகிறது, அந்தச் சுமை வலையமைப்பின் விளிம்புக்கு, அதாவது வீட்டு இணைப்புகளின் பக்கம், நகர்கிறது, விளிம்பில் இருப்பது நீங்கள். அவர் மிச்சப்படுத்திய பணத்தை நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்கிறீர்கள். அதைவிடக் கனமான இன்னொன்றும் இருக்கிறது. கோப்பைப் பகிர்கிறவர்களின் பட்டியலை வைத்திருக்கும் டிராக்கர், ஒருவருக்கு ஐம்பது பேரின் முகவரியைக் கொடுக்கும்போது குருட்டாம்போக்கில் பொறுக்கித்தான் கொடுக்கிறது. ஒரே வலையமைப்பில், ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பேர், பக்கத்து வீட்டில் இருக்கும் துண்டைக் கடல் தாண்டி வாங்கிக்கொண்டிருப்பார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து வெளி இணைப்புக்குக் காசு கட்டுவது நீங்கள். இது உண்மையான வீணடிப்பு. இந்த முறையை நேசிக்கிறவன் என்ற முறையில் இதை நானே முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இந்த நோய்க்கு நெரிப்பது மருந்தாகாது. உங்கள் வலையமைப்பில் 40 பேர் அந்தக் கோப்பைக் கேட்கிறார்கள் என்று வையுங்கள். வெளியில் இருக்கும் தனி சர்வரிலிருந்து வாங்கினால் 160 ஜிகாபைட் உங்கள் வெளி இணைப்பு வழியாக வந்தே தீரும். குருட்டாம்போக்கான டோரண்டிலும் ஏறத்தாழ அவ்வளவுதான் வரும், அதோடு வெளியே போகிற கணக்கும் சேரும். ஆனால் அந்த நாற்பது பேரும் முதலில் ஒருவரையொருவர் தேடிக்கொண்டால், ஒரு பிரதி, மிஞ்சிப்போனால் சில பிரதிகள் வெளியிலிருந்து வந்தால் போதும். மீதி எல்லாம் உங்கள் சுவர்களுக்குள்ளேயே கைமாறிவிடும். தனி சர்வர் முறையில், உள்ளே ஒரு கேச் (பிரதியைச் சேமித்துக் கொடுக்கும் சர்வர்) வைத்தாலொழிய, இந்த மிச்சத்துக்கு வழியே இல்லை. அதாவது உங்களுக்குச் செலவு வைப்பதாக நீங்கள் நினைக்கும் முறைதான் உங்கள் செலவைக் குறைக்கக்கூடியது. அதற்கு வேண்டியது, யார் யாருக்குப் பக்கம் என்ற ஒரு தகவல். அது உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

இது நான் கண்ட கனவு இல்லை. 2007இல் அமெரிக்காவின் காம்காஸ்ட் நிறுவனம் பிட்டோரண்ட் இணைப்புகளின் நடுவே, இணைப்பைத் துண்டிக்கச் சொல்லும் போலி ரீசெட் பாக்கெட்டுகளை (தரவுப் பொட்டலங்களை) நுழைத்து அறுத்தது வெளியே வந்தது. இரண்டு பேர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து, இவர் குரலில் அவரிடமும் அவர் குரலில் இவரிடமும் வைத்துவிடுகிறேன் என்று சொல்வது போன்ற வேலை அது. 2008 ஆகஸ்டில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசி அது தவறு என்று ஆணையிட்டது, 2010 ஏப்ரலில் நீதிமன்றம் எஃப்சிசிக்கு அந்த அதிகாரம் இல்லை என்று ஆணையை ரத்து செய்தது. வழக்கின் கதை இருக்கட்டும். நான் உங்களுக்கு நினைவூட்ட விரும்புவது, அதே காம்காஸ்ட் 2008 ஜூலையில் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்வைத்த பிஃபோர்பி முறையின் சோதனையில் கலந்துகொண்டதை. வலையமைப்பின் அமைப்பைப் பற்றிய குறிப்பைச் சேவை நிறுவனமே கொடுக்க, அதை வைத்துப் பக்கத்தில் இருப்பவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை அது. அந்த அனுபவத்தை, இணையத் தொழில்நுட்பங்களைப் பதிவுசெய்யும் ஆர்எஃப்சி என்ற ஆவண வரிசையில், ஆர்எஃப்சி 5632 ஆக அவர்களே 2009இல் எழுதிவைத்திருக்கிறார்கள். அதே சிந்தனை வளர்ந்து ஆல்ட்டோ என்ற பெயரில் 2014இல் ஆர்எஃப்சி 7285 ஆனது. விதிமுறை எழுதித் தயாராக இருக்கிறது. நடத்த ஆள்தான் வேண்டும்.

எச்சரிக்கை ஒன்று. பக்கத்தில் இருப்பவரிடம் மட்டும்தான் வாங்க வேண்டும் என்று இறுக்கிவிட்டால் கூட்டம் தனித்தனித் தீவுகளாக உடைந்துவிடும், அரிய துண்டுகள் ஒரு தீவில் மாட்டிக்கொள்ளும். தூரத்து இணைப்புகள் கொஞ்சம் இருந்தே ஆக வேண்டும்.

டோரண்ட் ஓடினால் மற்றவர்களின் வீடியோ அழைப்பு திக்குகிறது என்பது நீங்கள் வழக்கமாகச் சொல்லும் இன்னொரு காரணம். ஒரு காலத்தில் அது உண்மை. டிசிபி என்ற வழக்கமான விதிமுறையில் ஓடும் பல இணைப்புகள் ஒரே நேரத்தில் அப்லோடு வரிசையை நிரப்பிவிடும், பின்னால் வரும் குரல் பாக்கெட் வரிசையில் நின்றே செத்துவிடும். அதற்குப் பதில் டோரண்ட் எழுதியவர்களிடமிருந்தே வந்தது. யூடிபி என்ற எளிய விதிமுறையின் மேல் ஓடும் மைக்ரோ டிபி, பாக்கெட்டுகள் போய்ச்சேர ஆகும் தாமதத்தை அளந்துகொண்டே இருக்கும். வரிசையில் 100 மில்லிநொடிக்கு மேல் நிற்க நேர்ந்தால் தானாகவே பின்வாங்கும். லெட்பேட் என்ற பெயரில் 2012இல் ஆர்எஃப்சி 6817 ஆகப் பதிவானது இதே அணுகுமுறைதான். வழியில் வேறு யாராவது வந்தால் ஒதுங்கி நிற்கும்படி தன்னையே கட்டிப்போட்டுக்கொண்ட விதிமுறை இது. அதைத்தான் முரடன் என்று முத்திரை குத்தி நெரிக்கிறீர்கள். நெருக்கடி நேரத்தில் வரம்பு வேண்டும் என்றால் வையுங்கள், எனக்கு மறுப்பில்லை. ஆனால் பாக்கெட்டுக்குள் எட்டிப்பார்த்து, எந்தப் புரோட்டோகால் (எந்த வகைத் தொடர்பு விதிமுறை) என்று பார்த்து வைக்காதீர்கள். அந்த நேரத்தில் அதிகம் பயன்படுத்துகிறவர் யாரோ அவருக்கு வையுங்கள்.

எட்டிப்பார்த்ததன் விளைவு என்ன ஆனது என்பதும் உங்களுக்குத் தெரியும். 2006 முதலே டோரண்ட் மென்பொருள்கள் தங்கள் போக்குவரத்தை மறைக்க ஆரம்பித்தன. நீங்கள் கண்டுபிடிக்க, அவர்கள் ஒளிக்க, இரண்டு பக்கமும் உழைப்பு வீண். உள்ளூரிலேயே சேமித்துக் கொடுத்திருக்கக்கூடிய வாய்ப்பும் அதோடு மங்கிவிட்டது.

திருட்டுப் பிரதிகள் பற்றிக் கேட்பீர்கள். இந்த வழியில் அவை போகின்றன, மறைக்கவில்லை. சாதாரண இணையதளங்கள் வழியாகவும், மின்னஞ்சல் வழியாகவும்கூடப் போகின்றன. ஆனால் இதே வழியில் டெபியன், உபுண்டு என்ற கட்டற்ற இயங்குதளங்கள் தங்கள் வெளியீடுகளைக் கொடுக்கின்றன. இன்டர்நெட் ஆர்க்கைவ் 2012இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தொகுப்புகளை டோரண்ட்களாகத் திறந்துவிட்டது. டிவிட்டர் 2010இல் தன் ஆயிரக்கணக்கான சர்வர்களுக்குப் புதிய நிரலை அனுப்ப இதையே பயன்படுத்தியது. 2015இல் வந்த விண்டோஸ் 10, அப்டேட்டின் பகுதிகளை மற்ற கணினிகளிடமிருந்து வாங்கிக்கொள்ளும் வசதியோடு வந்தது. பாதையை அடைத்தால் இவர்கள் எல்லோரும் சேர்ந்தே அடைபடுகிறார்கள்.

எல்லா வேலைக்கும் இதுதான் சிறந்தது என்றும் நான் சாதிக்க வரவில்லை. ஒரே ஆள் கேட்கும் கோப்புக்கு இதனால் பயனில்லை. சீட் செய்ய ஆளில்லாமல் போன பழைய டோரண்ட் 97 சதவீதத்தில் நின்றுவிடும் வேதனை எனக்கு நன்றாகத் தெரியும். ஸ்பாட்டிஃபை தன் பாட்டுகளைப் பயனர்களின் கணினிகள் வழியாகவும் அனுப்பிவந்தது, தன்னுடைய சர்வர்களே போதும் என்று ஆனதும் 2014இல் அதை நிறுத்திவிட்டது. பணமும் சர்வர்களும் இருப்பவர்களுக்கு வேறு வழி உண்டு. பல நூறு ஜிகாபைட் ஆய்வுத் தரவை வெளியிட நினைக்கும் ஒரு சிறிய ஆய்வுக் குழுவுக்கும், நன்கொடையில் ஓடும் ஒரு மென்பொருள் திட்டத்துக்கும் அந்த வழி இல்லை. அவர்கள் நம்பியிருப்பது என்னைப் போன்றவர்களின் அப்லோடை. அந்த அப்லோடு உங்கள் கையில்.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. புரோட்டோகாலைப் பார்த்து நெரிப்பதை நிறுத்துங்கள், இது இன்றே முடியும். அப்புறம், அப்லோடு வரம்புகளைத் திரும்பப் பாருங்கள். தொலைபேசிக் கம்பியில் ஓடிய பழைய ஏடிஎஸ்எல் இணைப்பில் கீழே 8 மெகாபிட் வந்தால் மேலே 1 மெகாபிட் போகும், அது கம்பியின் இயல்பு, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஜிபான் வகைக் கண்ணாடியிழையில் கீழே 2.5 ஜிகாபிட், மேலே 1.25. அதைவிடப் புதிய எக்ஸ்ஜிஎஸ்-பானில் இரண்டு பக்கமும் 10. கண்ணாடியிழை போட்ட பிறகும் பத்தில் ஒரு பங்கு அப்லோடு என்று திட்டம் எழுதினால், அது கம்பியின் குறை இல்லை, எழுதியவரின் முடிவு.

ஒவ்வொரு கணினிக்கும் தனி இணைய முகவரி தரப் போதுமான ஐபிவி6 கொடுங்கள். பழைய ஐபிவி4 முறையில் ஒரே முகவரியின் பின்னால் நூற்றுக்கணக்கான வீடுகளை அடைத்துவைத்தால், அவர்களில் யாரையும் வெளியிலிருந்து அழைக்க முடியாது. இரண்டு பக்கமும் அப்படி அடைபட்டிருந்தால் அந்த இருவரும் நேராகப் பேசிக்கொள்ளவே தடுமாற வேண்டியிருக்கிறது. கொடுக்கத் தயாராக இருக்கும் ஆயிரக்கணக்கான கணினிகள் பூட்டிய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கின்றன.

கடைசியாக, என் வார்த்தையை நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். பெரிய கட்டற்ற இயங்குதளம் எதுவாவது அடுத்த பதிப்பை வெளியிடும் நாளில், உங்கள் வலையமைப்புக்குள்ளேயே ஒரு கணினியில் அந்தக் கோப்பை முழு வேகத்தில் சீட் செய்யுங்கள். உங்கள் சந்தாதாரர்களுக்கு நெரிப்பை எடுத்துவிடுங்கள். ஒரு வாரம் முழுக்க அந்த டோரண்டுக்காக வெளி இணைப்பில் எவ்வளவு வந்தது, எவ்வளவு உள்ளேயே கைமாறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். எண்கள் எனக்கு எதிராக வந்தாலும் பரவாயில்லை, எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

அந்த வாரம் என் கணினியும் ஓடிக்கொண்டிருக்கும்.

இப்படிக்கு,
சீட் செய்யும் ஒரு சந்தாதாரர்